எட்டு போடும் பெரியவர்

ஓய்வுபெற்ற அரசு ஊழியரின் கைக்கடிகாரம் மட்டும் ஓய்வுபெறுவதில்லை. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், மறு ஆண்டே 60 ஆகவும் உயர்ந்ததில் பழக்கம் முற்றக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. விடியற்காலை ஐந்துக்கு விழிப்பு, ஐந்தரைக்குள் ஆவின் பால், முதல் டிகாஷனில் அதே டபராவில் காபி. புதனும் சனியும் எண்ணெய்க் குளியல். செய்தித்தாளை அவர்தான் முதலில் பிரிக்க வேண்டும். வேறு யாராவது பிரித்து மடித்துவிட்டால் அவர் கணக்கில் அது நேற்றைய பேப்பர்.

இதை வெறும் பிடிவாதம் என்று வீட்டார் முணுமுணுப்பது நியாயமல்ல. கோப்பும் கையொப்பமும் ஒரே மாலையில் கைவிட்டுப் போனவருக்கு, நாளைப் பிடித்து நடக்க ஏதாவது வேண்டும். ரத்தஅழுத்த மாத்திரை ஒரு வேளைகூடத் தவறாமல் உள்ளே போவதும் இந்த ஒழுங்கால்தான். வம்பு, சட்னி மாறும் அன்று தொடங்குகிறது. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் புதினா வந்தால் இட்லியில் ஒன்று குறையும். காரணம் கேட்டால் பதில் வராது.

மாற்றம் அவரிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் வழியாகத்தான் வருகிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.5-ஐ எட்டினால் நீரிழிவு. காபியில் சர்க்கரை கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சில நாள் மௌன விரதம்; பிறகு பூங்காவில் எட்டு வடிவ நடைபாதை.

புதிய செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆகிறது, ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள் வரை என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வொன்று கண்டது. பெரியவருக்கு மனம் இசையத்தான் 254 நாள். இசைந்தபின் ஊருக்கு உபதேசிக்க 18 நாள்கூட வேண்டாம். எட்டில் எதிர்த்திசையில் வருபவர் அவருக்குச் சட்டத்தை மீறியவர். ஒருநாள் விட்டாலும் பழக்கம் கெடாது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அவர் நம்பமாட்டார், மழையிலும் குடை பிடித்து எட்டு போடுவார்.

நடை மட்டும் போதாது, தசை வலுவுக்கு வாரம் இரண்டு நாள் தனிப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அடுத்த முறை டாக்டர் அதை எடுத்ததும், போன தையில் நடக்கத் தொடங்கியவர் சொல்வார்: “காலங்காலமா எட்டு போட்டுப் பழகிட்டேன் டாக்டர், இந்த வயசுல புதுசா எதுக்கு?”