கொல்லைப்புற வாத்துக் காவலும் புதுக்குஞ்சுச் சேர்க்கையும்: ஓர் ஆய்வு

1. களமும் சிக்கலும்

இவ்வாய்வின் களம் திருவாரூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை. வடக்கே வாய்க்கால், தெற்கே அடுக்களை, கிழக்கே முருங்கை, மேற்கே பெரியப்பா வீட்டு வேலி. ஆய்வுப் பொருள், நாட்டு வாத்து ஆறு. ஆய்வு தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் ஐந்து. சிக்கல் இவ்வளவு விரைவில் கிடைப்பதைக் கண்டால் முனைவர் பட்டத்துக்கு உழைப்போர் பொறாமைப்படுவர்.

2. எதிரி யார்? முன்னோர் கொள்கைகள்

கீரி என்பது என் மனைவியின் கொள்கை. மரநாய் என்பார் பெரியப்பா. நரி என்பது பால்காரர் மதம். மூன்றையும் மறுக்கலாம். கீரி பகல் வேட்டைக்காரன். களவு போனதோ இரவில். மேலும் தமிழகத்து நாட்டு வாத்துகளிலேயே 'சன்னியாசி', 'கீரி' என்று இரு வகை உண்டு. 'கீரி கீரியைத் தின்றது' என்று தீர்ப்பெழுதினால் கொன்றது எது, செத்தது எது என்று மேல்முறையீடு வரும். மரநாய் கூரைச் சந்து வழியே இறங்கும். எங்கள் கூண்டின் ஓடு கலையவில்லை. நரி அடிமண்ணைப் பறிக்கும், மண் பறிபடவில்லை. கதவு மட்டும் திறந்து கிடந்தது. இத்தரவை அப்போது நான் முக்கியமாகக் கருதவில்லை.

3. உறக்க இயல்

இருட்டினால் கோழி முருங்கைக் கிளை ஏறிவிடும். நாட்டு வாத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இருந்த இடத்திலேயே தரையில் படுக்கும். ஆனாலும் அதை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. வரிசையாகப் படுக்கும் வாத்துகளில் ஓரத்தில் கிடப்பவை ஒரு கண்ணைத் திறந்து வைத்து, பாதி மூளையோடு உறங்குவதை 1999-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. எங்கள் வாத்துகளும் ஒற்றைக் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்திருக்கும். தாழ்ப்பாள் போடத்தான் அவற்றுக்குக் கை இல்லை.

4. அரண் இயல்

கோழி வலை வாத்தை உள்ளே நிறுத்தும். நாயை வெளியே நிறுத்தாது. நாய் கடித்து இழுத்தால் அது பிய்ந்துவிடும். ஆகவே அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை அடித்தேன். பறிப்பவற்றுக்காக வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்கினேன். பெருச்சாளிக்காகத் தரையில் செங்கல் பாவினேன். காகத்துக்கும் பருந்துக்கும் மேலே பழைய மீன்வலை. செலவுக் கணக்கை மனைவி கேட்டபோது, ஆய்வு முடிந்த பிறகே தரவு வெளியிடப்படும் என்று தெரிவித்தேன்.

5. சேர்க்கை இயல்

இழப்பை ஈடுசெய்ய நான்கு வாத்து முட்டைகளை அடைக்கோழிக்கு வைத்தோம். கோழிக்குஞ்சு 21 நாளில் வரும். வாத்துக்குஞ்சுக்கு 28 நாள். கடைசி ஒரு வாரம் அந்தக் கோழி எங்களைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை.

பொரிந்தவற்றை என்னவென்று அழைப்பது? பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களைத் தொல்காப்பியம் தருகிறது. எங்கள் வாத்து பறந்து யாரும் பார்த்ததில்லை. நல்லவேளையாக, தவழ்பவற்றுக்கும் அதே பெயர்களைத் தொல்காப்பியர் அனுமதித்துவிட்டார். பெயர்ச் சிக்கல் தீர்ந்தது.

தாய் வாத்தின் இறகெண்ணெய் படாத குஞ்சு நனைந்தால் விறைத்துப்போகும். எனவே தொடக்க வாரங்களில் வாய்க்கால் கூடாது. குடிக்கத் தட்டில் தண்ணீர் போதும். பெரிய வாத்துகளோடு நேரே விட்டால் கொத்து விழும். பஞ்சாரத்தில் போட்டுக் கூண்டருகே வைத்தேன். இடுக்கு வழியே இரு தரப்பும் சில வாரம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயின. சலித்த பிறகு திறந்துவிட்டால் பெரிதாகச் சண்டை இல்லை. பெண் பார்க்கும் சடங்கை நம் முன்னோர் இங்கிருந்துதான் எடுத்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

6. முடிபு

நான்காம் இயலை எழுதிக்கொண்டிருந்த மாலையில் அப்பாயி திண்ணையிலிருந்து கேட்டது:

"என்னப்பா எழுதுற?"

"வாத்தை எப்படிக் காப்பாத்துறதுன்னு, அப்பாயி."

"அப்ப, கூண்டை யாரு சாத்துனா?"

அன்றும் யாரும் சாத்தவில்லை.

இரண்டாம் இயலில் ஒதுக்கிய தரவை இங்கே திருத்திச் சேர்க்கிறேன். கீரியோ மரநாயோ நரியோ, வந்தது எதுவானாலும் கதவைத் திறந்து வைத்து வரவேற்றவன் ஆய்வாளன். அப்பாயியிடம் கம்பிவலையும் இல்லை, இயல் பிரிவும் இல்லை. அன்று முதல் பொழுது சாயும்போது வாத்துகளை ஓட்டி, எண்ணி, அடைத்துவிட்டுத்தான் அது விளக்கேற்றும். இப்போது ஐந்தும் நான்கும் ஒன்பது. இரண்டு மாதமாக ஒன்பதே.

இதை நீங்கள் படிக்கும் நேரம் மாலை ஆறரை தாண்டியிருந்தால், மறுப்புரை எழுத உட்காருமுன் ஒரு நடை கொல்லைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.