கிராம் கணக்குப்பிள்ளை

தமிழ்நாட்டில் கிராமக் கணக்குப்பிள்ளை என்ற பரம்பரைப் பதவியை 1980இல் அரசு ஒழித்துக் கட்டியது. கிராம் கணக்குப்பிள்ளைகள் அதற்குப் பிற்பாடு முளைத்தவர்கள். இவர்களை ஒழிக்க எந்த அவசரச் சட்டமும் போதாது. ஊருக்கு ஒருவர் இருக்கிறார், வ. புதுப்பட்டிக்கும் ஒருவர் உண்டு. நிலத்தை அளக்க மாட்டார், வரி வசூலிக்க மாட்டார். சைக்கிள் சக்கரம் என்ன எடை, அதில் இன்னும் எத்தனை கிராம் குறைக்கலாம் என்பதுதான் அவருடைய சிட்டா, அடங்கல் எல்லாம்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். விடிந்தும் விடியாத நேரத்தில் டீக்கடைச் சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கும். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பூட்டு இல்லை. வெளியூர்க்காரர் யாராவது, “பாதியக் களவாண்டுட்டுப் போயிட்டானுகளா அண்ணாச்சி?” என்று துக்கம் விசாரிப்பார். அத்தனையும் இல்லாமல் இருப்பதற்குத்தான் அண்ணாச்சி கூடுதலாகப் பணம் கொடுத்திருக்கிறார் என்று சொன்னால் நம்ப மாட்டார். அண்ணாச்சி சீனி போடாத டீயைக் குடித்தபடி வண்டி மேல் ஒரு கண் வைத்திருப்பார். அந்தக் கண் டீ கிளாசைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை.

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை. வேலைக்குப் போவது மோட்டார் சைக்கிளில். இந்தச் சைக்கிளை மில் ஸ்டாண்டில் நாலு வண்டிகளுக்கு நடுவே விட்டுவிட்டு எட்டு மணி நேரம் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியுமா? நாற்பத்தைந்து வயதில் டாக்டர், “சுகர் வாசப்படியில நிக்குது, தினமும் அரை மணி நேரம் நடங்க” என்று சொல்லியிருந்தார். செலவில்லாத வைத்தியத்தில் அண்ணாச்சிக்கு நம்பிக்கை இல்லை. சைக்கிள் வாங்கினார்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. காலையில் பிளவக்கல் அணை வரை போய்வந்தார். இட்லி இரண்டு கூடுதலாக இறங்கியது. மறுவருஷம் மதுரைப் பக்கம் 200 கிலோமீட்டர் பிரெவே ஒன்றுக்குப் போனார். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற நெடும்பயணம் அது. பந்தயமும் இல்லை, முதல் பரிசும் இல்லை. யாரையும் யாரும் ஜெயிக்க வேண்டியிராத அந்த ரோட்டில் ‘ஹூம்ம்’ என்ற சத்தத்தோடு ஒருவர் அண்ணாச்சியைத் தாண்டிப் போனார். அவருடைய ரிம் மூன்று விரல் உயரத்துக்குக் கன்னங்கரேலென்று இருந்தது. “கார்பன்” என்றார் பக்கத்தில் வந்தவர். அன்றைக்கு அண்ணாச்சி 200 கிலோமீட்டரை முடித்தாரா என்பது இப்போது அவருக்கே நினைவில்லை.

அதற்கப்புறம் அவர் முன்னால் நின்ற முதல் கேள்வி, 35ஆ 50ஆ என்பது. ரிம்மின் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்லும் கணக்கு இது. உயரம் கூடினால் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும், எடையும் ஏறும். உயரம் குறைந்தால் மேடு ஏற லேசு. வேறு தேசத்தில் இருப்பவன் இதை ஒரு மாலை நேரத்தில் முடிவு செய்துவிட்டுத் தூங்கப் போகலாம். நம் பக்கம் ஆடி என்று ஒரு மாதம் இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று, ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போகிறவனை நேராக விலாவில் இடிக்கும். அம்மியையே தூக்குகிற காற்று, 50 மில்லிமீட்டர் முன்சக்கரம் அகப்பட்டால் சும்மா விடுமா? ஹேண்டில்பாரைத் திருப்பித் தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஆகவே முன்னால் 35, பின்னால் 50 என்று ஒரு சமரசம் பிறந்தது. சமரசத்துக்கு ஆயுள் மூன்று நாள். “ஆடி ஒரு மாசந்தானே, மத்த பதினொரு மாசம் நான் எதுக்கு நஷ்டப்படணும்?” என்று நாலாம் நாள் மறுவிசாரணை தொடங்கிவிட்டது.

அந்த நஷ்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ரிம் கம்பெனிக்காரர்கள் காற்றுச் சுரங்கத்துக்குள் சக்கரத்தைச் சோதிப்பது பெரும்பாலும் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில். அண்ணாச்சியின் வேகம் 23, இறக்கத்தில் 30, நாய் துரத்தினால் 38. கம்பெனி சொல்லும் லாபம் முழுசாகக் கைக்கு வர வேண்டுமானால் இதைவிட வேகமான நாய் வேண்டும். ராஜபாளையத்தில் நாய்க்கா பஞ்சம் என்பீர்கள். 2005இல் தபால்தலையில் இடம்பிடித்த அந்த வெள்ளை வேட்டை நாய் இப்போது விலை கூடின பிறவி. கேட்டுக்குள்ளே காவலில் இருக்கிறது. ரோட்டில் துரத்த வருவதெல்லாம் வேலை வெட்டி இல்லாத சாதாரணக் குடிமக்கள்.

அடுத்தது எடை. வண்டியோடு வந்த அலுமினியச் சக்கர ஜோடி 1,800 கிராம். பார்த்து வைத்திருக்கும் கார்பன் ஜோடி 1,450. மிச்சம் 350 கிராம். அண்ணாச்சி 84 கிலோ. அதை இங்கே எடுத்துப் பேசுவது நாகரிகம் ஆகாது. ஆனால் பால்கோவாவைப் பற்றிப் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மிதித்தால், திரும்பும்போது முதுகுப் பையில் அரைக் கிலோ பால்கோவா இருக்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தை வாங்காமல் வருவது மண்ணுக்குச் செய்கிற துரோகம். போகும்போது 350 கிராம் லாபம், வரும்போது 150 கிராம் நஷ்டம். இதை எடுத்துச் சொன்னால் சிரிப்பார். “சுமக்குற எடை வேற தம்பி, சுழலுற எடை வேற. வேகம் பிடிக்கையில ரிம்மு எடை ரெண்டு மடங்காக் கணக்கு.” பௌதிகம் அவர் பக்கம்தான். 350ஐ இரட்டித்தால் 700. அரைக் கிலோ பால்கோவா தோற்றது. அந்தத் தைரியத்தில் அடுத்த வாரம் முக்கால் கிலோ வாங்கிவிட்டார்.

மில்லிலும் இதே பேச்சு. ‘டோரே டி-700’ என்று சொல்லும்போது அண்ணாச்சியின் குரல் தானாகத் தாழும். ஜப்பான் கம்பெனி ஒன்று செய்யும் கார்பன் இழை. நூல் சம்பந்தப்பட்டது என்று காதில் விழுந்ததும் ஸ்பின்னிங் மேஸ்திரி பக்கத்தில் வந்தார். நாற்பதாம் நம்பர், எண்பதாம் நம்பர் என்று கவுண்ட் பார்த்தே தலை நரைத்தவர்.

“என்ன கவுண்ட் சார்?”

“கவுண்ட் இல்ல மேஸ்திரி. 12கே. ஒரு கத்தையில பன்னெண்டாயிரம் இழை. ஒரு இழை ஏழு மைக்ரான்.”

“என்ன பஞ்சு?”

“பஞ்சு இல்ல, அக்ரிலிக். அதக் காத்துப் படாம ஆயிரம் டிகிரிக்கு மேல சூடாக்கிக் கரியாக்கிருவான்.”

மேஸ்திரி கொஞ்ச நேரம் யோசித்தார். “இங்க ஒரு மூட்டை கருகினா நமக்கு மெமோ. அங்க வேணும்னே கருக்கி, அதுக்கு ரூவாயும் வாங்குறானா?” பிறகு, “அப்புறம் என்ன செய்வான்?” என்றார். இழையைப் பிசினில் நனைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காக ஒட்டி, சூட்டில் இறுக வைப்பார்கள் என்று அண்ணாச்சி விளக்கினார். “நம்ம சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில மாவுக்கட்டு போடுற மாதிரின்னு சொல்லுங்க.” ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தறி தறியாக மருத்துவத் துணி நெய்கிற ஊர் சத்திரப்பட்டி. மேஸ்திரி சொன்னது ஏறக்குறைய சரி. அண்ணாச்சி அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடும்பத்தோடு போவார். ஊர் உலகமெல்லாம் நிமிர்ந்து ஆண்டாளைச் சேவிக்கும். அண்ணாச்சி குனிந்து தேர்ச் சக்கரத்தைச் சேவிப்பார். பழைய மரச்சக்கரங்கள் போய் இரும்புச் சக்கரங்கள் வந்ததில் அவருக்கு உடன்பாடு இல்லை. “எடை ஏறிப் போச்சு” என்பார். வீட்டம்மா வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நெடுநேரம் வேண்டுவார். என்ன வேண்டினார் என்று யாரும் கேட்பதில்லை, தெரியும். வீட்டில் ராத்திரி பத்து மணிக்குப் போனில் செராமிக் பேரிங்கின் மேன்மை பற்றிப் பேச்சு நடக்கும்போது, தலைக்கு மேல் மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றும். “ஏங்க, அந்தச் செராமிக்கு இந்த ஃபேனுக்குச் சேருமான்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்பார் அந்த அம்மாள்.

தேர்ந்தெடுக்கவே இரண்டு ஆடி போயிற்று. கட்டி முடித்த சக்கரமாகவே வாங்கலாமே என்று கேட்டுவிடக் கூடாது. “நம்ம எடைக்கு, நம்ம ரோட்டுக்கு, நம்ம காத்துக்குன்னு கட்டணும்” என்பார். கடைசியில் ஹப் சுவிட்சர்லாந்தின் டிடி சுவிஸ், கம்பி பெல்ஜியத்து சாபிம், ரிம் சீனத்துச் சியாமென் நகரத்துச் சரக்கு என்று முடிவாயிற்று. மூன்று தேசங்கள் தனித்தனிப் பார்சலாக, சுங்க வரியோடு, வ. புதுப்பட்டிக்கு வந்து சேர்ந்தன. விலையை வீட்டில் மறைக்கவில்லை. ஒரு சக்கரத்தின் விலையைச் சொன்னார். சைக்கிளுக்குச் சக்கரம் இரண்டு என்பது கேட்பவர்களே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்து, ஹப்பை நடுவில் வைத்து, சக்கரத்துக்கு 24 கம்பி வீதம் எண்ணி வைத்தார். ஒவ்வொரு கம்பியும் இரண்டு கம்பிகளைக் குறுக்கே கடந்து ரிம்முக்குப் போக வேண்டும். கம்பியின் நீளம் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கணக்குப் போட்டிருந்தார். இழுவிசை, கோணம், பல்சக்கரம் இருக்கிற வலப்பக்கம் எவ்வளவு இறுக வேண்டும், இடப்பக்கம் ஏன் அதில் பாதி இருந்தால் போதும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். ராத்திரி ஒரு மணிக்குச் சக்கரம் ஒன்று உருவாகியிருந்தது. அதைச் சுற்றிவிட்டால் வலமும் இடமும் பார்த்துத் தலையாட்டியது.

மறுநாள் வத்திராயிருப்பு சைக்கிள் கடை. முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று பழைய பெரிய வண்டிகளுக்குக் கம்பி கோத்தே பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவர் கடைக்காரர். ரிம்மைக் கையில் வாங்கி நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

“பெண்டு ஆனா எப்படி சார் எடுக்கிறது?”

“இது பெண்டு ஆகாது. தாங்குற வரைக்கும் தாங்கும், தாங்கலேன்னா உடைஞ்சிரும்.”

“பெண்டே ஆகாத ரிம்ம ஊரே வாங்கிட்டா, நான் எங்க போய்ப் பிழைக்க?”

கேட்டாரே தவிர, கை வேலையைத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டினார். சுதி இறங்கிய கம்பிக்கு நிப்பிள் சாவியால் கால் திருகு. அண்ணாச்சி இழுவிசை மீட்டரை வைத்துக்கொண்டு பின்னாலேயே சரிபார்த்தார். ரிம் 120 கிலோ இழுவிசை வரை தாங்கும் என்று எழுதியிருந்தது. காது சொன்னதையே மீட்டரும் சொன்னது. மீட்டர் வாங்கிய பில்லை அண்ணாச்சி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிப்பிளில் மட்டும் ஒரு வழக்கு. அலுமினியம் போட்டால் மொத்தத்தில் முப்பது கிராம் குறையும். “பித்தளையே இருக்கட்டும் சார், அலுமினியம் அரிச்சிரும்” என்றார் கடைக்காரர். அலுமினியமும் கார்பனும் ஈரத்தோடு சேர்ந்தால் அரிக்கும் என்பது உண்மைதான். அந்த முப்பது கிராமுக்காக அண்ணாச்சி ஒரு ராத்திரி தூங்கவில்லை.

சக்கரம் மாட்டியாயிற்று. காற்று அடிக்க வந்த கடைப் பையன் பழக்க தோஷத்தில் கல்லாய் இறுகும் வரை பம்ப்பை அமுக்கப் போக, அண்ணாச்சி பாய்ந்து கையைப் பிடித்தார். விளிம்பில் கொக்கி இல்லாத இந்த ரிம்முக்கு 5 பார் அழுத்தம்தான் எல்லை. முதல் ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்ததில் சராசரி வேகம் 23லிருந்து 23.4 ஆயிற்று. “எதிர்காத்து” என்றார். மறுவாரம், உள்ளகலம் 25 மில்லிமீட்டர் உள்ள ரிம் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அது நாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது, நோய் தொற்றியது. அன்றைக்குச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது கிர்ர்ரென்று நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டை மறந்திருக்கிறார். அடுத்த வாரம் கடையில் ஒரு எலக்ட்ரானிக் தராசு முளைத்தது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட வந்த பிள்ளைகளிடம் டியூபை நிறுத்துக் காட்டி, “ஒட்டு போட்டா ரெண்டு கிராம் கூடும், சம்மதமா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

பால்கேன் இரண்டைப் பின்னால் தொங்கவிட்டுப் பழைய பெரிய வண்டியில் வருகிற பெரியவர் ஒருவர், பின்சக்கரம் உரசுகிறது என்று கொண்டுவந்து நிறுத்தினார். கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கேரியரைத் தூக்கிப் பார்த்தார்.

“பெரியவரே, இந்த இரும்பு மட்டும் ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும். கழத்திப் போட்டா வண்டி பறக்கும்.”

“பறக்கட்டும்ப்பா. பால்கேன எதுல தொங்கவிட?”

கடைக்காரர் நிப்பிள் சாவியைக் காதில் செருகிக்கொண்டார்.

“வெறும் கேன் எத்தன கிராம்?” என்றார்.