சுத்தினால் இறங்கும் கண்ணாடி

கார் ஷோரூமில் கையில் திணிக்கிற வழவழப்பான விளம்பரத் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். எந்த மாடலில் என்ன உண்டோ அதற்கு ஒரு டிக், இல்லாததற்கு ஒரு சின்னக் கோடு. ஊரெல்லாம் டிக்கை எண்ணும். கோயம்புத்தூரின் பேஸ் மாடல் அண்ணா கோட்டை எண்ணுவார். பவர் விண்டோவுக்குக் கோடு, சரி. பின்கண்ணாடி வைப்பருக்குக் கோடு, நல்லது. டச் ஸ்கிரீனுக்கும் கோடு, ரொம்பச் சந்தோஷம். டாப் மாடலின் பெருமையை மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்த விற்பனைப் பையனைப் பார்த்து, "ஏந்தம்பி, இதெல்லாம் இல்லாட்டி வண்டி ஓடாதுங்களா?" என்பார். அதில் கிண்டல் கிடையாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். ஓடும் என்று பதில் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. நிறம் என்ன என்று கேட்கவே வேண்டாம். வேட்டி, சட்டை, கார் மூன்றும் வெள்ளை.

இவரைக் கஞ்சன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் அப்படித்தான் நகர்கிறார்கள். ஆனால் கணக்கு உதைக்கிறது. கணபதிப் பக்கம் இருக்கும் அவருடைய பம்ப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால், நிற்கிற சி.என்.சி. மெஷினில் கம்பெனி தருகிற அத்தனை வசதியும் இருக்கும். தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால் அடுத்த வாரமே இன்னோர் இடத்தில் ரிக் வண்டி நிற்கும். மகள் கல்யாணத்தில் இலையில் வைக்க இடமில்லாத அளவுக்குப் பலகாரம். செலவு செய்ய அஞ்சுகிற ஆளின் லட்சணமா இது? அவருக்கு இருப்பது வேறொரு பார்வை. இந்தச் சாமான் எனக்குச் சம்பாதித்துப் போடுமா, நான் இதற்குச் சம்பாதித்துப் போட வேண்டுமா என்று பிரித்துப் பார்க்கிற பார்வை. சட்டமும் அவர் கட்சிதான். மெஷினுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை அவர் விற்கிற பம்ப்பின் வரியில் கழித்துக்கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காருக்குக் கட்டியது போனது போனதுதான். ஆயுள் வரியும் விலையைப் பார்த்தே போடப்படுகிறது. ஆகவே அலாய் வீலுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும், பின்னால் நாலு காசு வரியையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராத ரூபாய். ஆடிட்டர் இதை ஒரு தடவை சொன்னால் போதும், அண்ணா அதை நூறு பேருக்குச் சொல்வார்.

கணக்கைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு, அது அவருடைய கைப்பழக்கம். வண்டிகளின் டேஷ்போர்டு மீட்டர்களைச் செய்கிற பிரிக்கால் 1975-ல் தொடங்கியது இந்த ஊரில். தெருவெல்லாம் அலறுகிற ரூட்ஸ் ஹார்ன் பிறப்பதும் இங்கேதான். ஒரு பாகம் கம்பெனியை விட்டு என்ன விலைக்குக் கிளம்புகிறது, கார் கதவுக்குள் போய் உட்கார்ந்ததும் என்ன விலை ஆகிறது என்பது இங்கே டீக்கடைப் பேச்சு. பிறந்ததிலிருந்து மோட்டார் சத்தத்தில் வளர்ந்த மனிதரிடம் போய், கண்ணாடியை இறக்க ஒரு மோட்டார் இருக்கிறது என்று பெருமை பேசினால் என்ன ஆகும்? அந்த மோட்டார் என்றைக்குக் காயில் கருகும் என்றுதான் அவர் மனம் ஓடும். அவருடைய பழைய மாருதி 800-ன் கதவைப் பாருங்கள். கறுப்புக் கைப்பிடி, நுனியில் ஒரு குமிழ், இருபது வருடம் கைபட்டுக் கைபட்டு மினுமினுப்பு ஏறியது. சுத்தினால் இறங்கும், திருப்பிச் சுத்தினால் ஏறும். பாதி வழியில் கொஞ்சம் இறுகும், அங்கே இடது கையால் கண்ணாடியை லேசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். "இல்லாதது ரிப்பேர் ஆவாதுங்" என்பது அவர் சித்தாந்தம் முழுவதும்.

ஊரின் பழைய ரத்தமும் இதற்குத் துணை நிற்கிறது. ஜி.டி. நாயுடு 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்கு உருவாக்கினார். அரசின் லைசென்ஸ் கிடைக்காமல் அது நின்றுபோனது. பின்னாளில் இதே ஊர்க் கரிவரதன் அந்த மாருதியின் 800 சி.சி. என்ஜினையே எடுத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நம் நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் இறங்கியதே அந்த வண்டியில்தான். யோசித்தால், பந்தயக் கார் என்பது பேஸ் மாடலுக்கும் கீழே. கதவே கிடையாது, கண்ணாடிக்கு எங்கே போவது! அண்ணாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு உங்களுக்கு டீ அவர் கணக்கு.

அப்படியானால் நானோ ஏன் தோற்றது என்று கேட்கலாம். 2008-ல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று காட்டப்பட்டது. ஒற்றை வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு. கொங்கு நாடு கொண்டாடியிருக்க வேண்டிய வண்டி. ஆனால் பத்தாண்டில் கதை முடிந்தது. அதை மலிவான கார் என்று விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பிறகு ஒப்புக்கொண்டார். அண்ணாவின் மனசு பிடிபடுவது இந்த இடத்தில்தான். செலவு வைக்காத வண்டி வேண்டும், ஆனால் 'ஏழைக்கு ஏற்றது' என்று அடுத்தவன் அதற்குப் பேர் வைக்கக் கூடாது. எளிமை அவராகப் பார்த்து எடுத்ததாக இருக்க வேண்டும். டாப் மாடலுக்குக் காசு இருந்தும் எடுக்கவில்லை என்பது சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டும். நானோவில் அதைக் காட்ட வழியே இல்லை.

இன்னொரு கேள்விக்கு அவரிடம் பதிலே கிடையாது. டெலிவரி எடுத்த மறுநாளே வண்டி சீட் கவர் கடையில் நிற்கும். செட்டு, சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் கேமரா, மிதியடி என்று பேரம் பேசி ஏற்றி முடிக்கும்போது கூட்டுத்தொகை நடு மாடலின் விலையைத் தொட்டிருக்கும். போதாததற்கு ஒயரை வெட்டி ஒட்டியதில் வாரண்டியும் போச்சு. இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. பேரம் பேச முடியாத இடத்தில் கொடுத்த காசுதான் அவருக்குச் செலவு, பேசி முடித்துக் கொடுத்தது லாபம்.

ஆனால் உயிர் விஷயத்தில் அவர் பக்கம் நிற்க முடியாது. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு கார்களை மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800 வாங்கியது பூஜ்யம் நட்சத்திரம். "நான் அறுபதைத் தாண்ட மாட்டேனுங்" என்பார். அவர் தாண்ட மாட்டார் சரி, அவிநாசி ரோட்டில் எதிரே வருகிற டிப்பர்? ஏர்பேக் என்றைக்காவது சம்பாதித்துப் போடுமா என்று கேட்டால், பட்டறைச் சுவரில் சிவப்பாகத் தொங்கும் தீயணைப்பு சிலிண்டர் மட்டும் இதுவரை என்ன சம்பாதித்தது? நல்லவேளை, முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம் என்று 2021-ல் அரசே அந்தக் கோட்டை அழித்துவிட்டது. விலையேற்றம் என்று ஒரு வாரம் முனகினார், பிறகு மறந்துபோனார்.

இப்போது மகன் வாங்கிய ஃபுல் ஆப்ஷன் கார் போர்டிகோவில் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது. 800 வேப்ப மரத்தடியில். முகூர்த்த நாளில் குடும்பத்தோடு பெரிய வண்டியில்தான் அண்ணா முன்சீட்டில் உட்கார்ந்து போவார். சூலூர் தாண்டியதும் ஏ.சி. குளிர் தாங்காமல் கொஞ்சம் காற்று வரட்டும் என்று தோன்றும். இடது கை கதவில் இறங்கி, கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுற்று தடவிவிட்டு, மெதுவாக மடிக்குத் திரும்பும்.