அம்பயர் கண்ணும் உங்க வாயும்

ஏலே பேராண்டி, சிவப்புத் தொப்பிக்காரா, இங்கன வந்து உக்காரு. நீயும் உன் கூட்டாளிமாரும் நேத்து ராத்திரி பேஸ்பால் பாத்துக்கிட்டுப் போட்ட கூப்பாட்டுல செயின்ட் லூயிஸ் ஊரே முழிச்சிருக்கும். நீங்க ஜெயிச்சா திறமை. எதிராளி ஜெயிச்சா அதிர்ஷ்டம். நீங்க தோத்தா அம்பயர் குருடன். நல்ல சட்டம்லே! எழுதினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்.

மூச்சுக்கு முந்நூறு தடவை 1985, 1985ங்கியளே, அதையே எடுத்துக்கிடுவோம். உங்க கார்டினல்ஸுக்கும் கான்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கும் உலகத் தொடர். ரெண்டுமே மிசௌரி ஊருதான், பங்காளிச் சண்டை. அக்டோபர் 26, ஆறாவது ஆட்டம். தொடர்ல உங்காளுவ 3-2 முன்னால. ஆட்டத்துல 1-0. கடைசி இன்னிங்ஸ். இன்னும் மூணு பேரை அவுட்டாக்கினா கோப்பை வீட்டுக்கு வந்துரும்.

ராயல்ஸ் ஆளு ஹோர்ஹே ஓர்ட்டா பந்தைத் தரையோட உருட்டிவிட்டான். உங்க ஜாக் கிளார்க் பொறுக்கி டாட் வோரலுக்குப் போட்டான். வோரல் காலு முதல் பேஸ் மேல, பந்து கையுறைக்குள்ள, ஓர்ட்டா இன்னும் ஓடி வாரான். அம்பயர் டான் டென்கிங்கர் கையை விரிச்சு 'சேஃப்'னுட்டாரு. தப்புதாம்லே. கண்புரை ஆபரேஷன் பண்ணின எனக்கே டிவியில தெரியுது. அந்த மனுசனே பின்னால ஒத்துக்கிட்டாரு.

அதுக்கு அடுத்து நடந்ததை மட்டும் ஏன் முழுங்கிருதிய? பல்போனி ஒரு பந்தை மேல தூக்கிவிட்டான். கிளார்க் கீழ நின்னு தடுமாறிக் கோட்டைவிட்டான். டென்கிங்கரா வந்து தட்டிவிட்டாரு? பிழைச்ச பல்போனி மறுபடி அடிச்சு பேஸுக்குப் போயிட்டான். பொறவு உங்க கேட்சர் போர்ட்டர் பந்தை நழுவவிட்டான். அப்ப பேஸ்ல நின்ன ரெண்டு பேரும் சத்தமில்லாம ஆளுக்கொரு பேஸ் முன்னேறிட்டானுவ. கடைசியில டேன் இயோர்ஜ் அடிச்ச ஒரே அடியில ரெண்டு ரன். முடிஞ்சுது, 2-1.

இதுல கூத்து என்னன்னா, அம்பயர் புண்ணியத்துல பொழச்ச ஓர்ட்டா ரன்னே எடுக்கல. போர்ட்டர் நழுவவிடுததுக்கு முந்தியே மூணாவது பேஸ்ல அவுட்டாயிட்டான். அடிச்சு ஜெயிக்க வச்ச இயோர்ஜ் யாரு தெரியுமா? முந்தின வருசம் உங்க கிளப்பே ராயல்ஸுக்கு வித்த ஆளு.

"ஓர்ட்டா அப்பவே அவுட்டாயிருந்தா எல்லாமே மாறியிருக்கும் தாத்தா"ன்னு இழுப்ப. மாறியிருக்கலாம், நான் இல்லைங்கல. ஆனா மறுநாளு ஏழாவது ஆட்டம்னு ஒண்ணு நடந்துச்சே? 11-0. உங்காளுவளுக்கு ஒரு ரன்னு கூட இல்ல, ராசா. சீசன்ல 21 ஆட்டம் ஜெயிச்ச உங்க ஜான் டியூடர் மூணாவது இன்னிங்ஸ்லயே வெளிய வந்து, ஓடுற மின்விசிறியக் குத்திக் கையைக் கிழிச்சுக்கிட்டான். பொறவு பந்து வீச உங்க அண்டுஹார் வந்தான், அன்னைக்கு மட்டைக்காரனுக்குப் பின்னால நின்னது டென்கிங்கர்தான், அவர்கூட மல்லுக்கு நின்னு அவனும் வெளிய. ஏழு ஆட்டமும் சேத்து உங்காளுவ எடுத்தது 13 ரன்னு, அடிச்ச சராசரி .185. எலி தின்ன ஒரு படி நெல்லுக்கு ஊரைக் கூட்டுதவன், வெதைக்காமப் போட்ட வயலைப் பத்தி வாயே தெறக்க மாட்டாம்லே.

அதிர்ஷ்டமா? இருக்கு, யாரு இல்லைன்னா? அதே மாசம், உலகத் தொடருக்கு முன்னால, உங்க வின்ஸ் கோல்மன் காலு மேல, மைதானத்தை மழைக்கு மூடுத தார்ப்பாய் மெசினு உருண்டு ஏறிட்டு. அந்த வருசம் 110 பேஸ் திருடின புள்ள, உலகத் தொடர்ல ஒரு நாளு கூட ஆடல. அழ வேண்டிய அதிர்ஷ்டம் அது. ஆனா அடுத்த நாளே ஓஸி ஸ்மித், இடது பக்கம் நின்னு 3,000 தடவைக்கு மேல மட்டை பிடிச்சும் ஒரு ஹோம் ரன் காணாதவன், அன்னைக்குப் பாத்து வேலி தாண்டி அடிச்சு டாட்ஜர்ஸ் அணிகூட நடந்த ஆட்டத்தை முடிச்சான். அது என்னன்னு கேட்டா மட்டும் "திறமை தாத்தா"ங்க!

சரி, இப்பத்தான் காலம் மாறிட்டே. 2014லருந்து பேஸ்ல தப்பாச் சொன்னா ரீப்ளே பாத்துத் திருத்துதான். 2026லருந்து பால், ஸ்ட்ரைக்குக்கும் மெசினு. ஆட்டத்துக்கு ஒரு அணிக்கு ரெண்டு முறையீடு. சரியாக் கேட்டா கையிலயே நிக்கும், தப்பாக் கேட்டா ஒண்ணு போச்சு. அதுவும் வீசுதவன், பிடிக்கவன், அடிக்கவன் மூணு பேருல ஒருத்தன்தான் தலையைத் தட்டிக் கேக்கணும். சோபாவுல உக்காந்து நீ எவ்வளவு தட்டினாலும் செல்லாது.

அதனால இனிமே அம்பயரை விட்டுரு. தலைக்கு மேல வந்த பந்தைப் பிடிக்க உங்காளுவளுக்குச் சொல்லிக் குடு.