கிரீன் சார்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் சாலையில் முந்தலைத் தாண்டினால் மலை ஏறத் தொடங்கிவிடும். அங்கிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவு வருவதற்கு முன்னால், மாந்தோப்பும் இலவந்தோப்புமாகக் கிடந்த சரிவுகளில் இப்போது ஒரு புது இனம் குடியேறி வருகிறது. அரைக்கால் சட்டை, மூங்கில் சட்டம் போட்ட கண்ணாடி, தோளில் சணல் பை, கையில் செம்புத் தண்ணீர்ப் புட்டி. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை 'சஸ்டெயினபிள்' என்று வரும். ஊரில் இவருக்குப் பெயர் கிரீன் சார்.

"எந்தக் கிரீன் சார்?" என்று கேட்டால், "எந்தச் சாரா இருந்தா என்னண்ணே, எல்லாம் ஒரே சார்தான்" என்பார் டீக்கடைக்காரர். ஆகவே நாமும் ஒருமையிலேயே பேசுவோம்.

சாருக்கு ஒரு பூர்வாசிரமம் உண்டு. அது கிழக்குக் கடற்கரைச் சாலையில், வாசலில் காவலாளியும் கொல்லையில் வங்காள விரிகுடாவும் உள்ள ஒரு குடியிருப்பில் கழிந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி 1991-லேயே வந்துவிட்டது. ஊர்ப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது அந்த விதி. சார் சட்டத்தை மதிப்பவர். ஆனால் அலை ஏறி இறங்கும் சமாச்சாரம், அதன் கோடு இங்கேதான் இருக்கிறது என்று யார் அடித்துச் சொல்ல முடியும் என்பது அவர் கட்சி. அவர்கள் நீச்சல் குளம் அந்தச் சந்தேகத்தின் பலனை நெடுநாள் அனுபவித்தது.

தை, மாசி மாதங்களில் சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். சாரும் ஒரு ராத்திரி நடந்தார், படம் எடுத்துக்கொண்டார். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பி நகரும். குடியிருப்பின் பெரிய விளக்குகள் பாதுகாப்புக்காகக் கரையைப் பார்த்தே விடிய விடிய எரிந்தன. எனவே கூட்டில் தப்பிய சில குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு கிளப் ஹவுஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன. "பாருங்க, நம்மளை நம்பி வருது" என்று சார் கண் கலங்கினார்.

பிறகு போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தது. கரையோரத்தில் நல்ல தண்ணீரை அளவு மீறி உறிஞ்சினால் அந்த இடத்துக்குக் கடல் வந்து சேரும். சார் உறிஞ்சியதைப் பற்றிப் பேசவில்லை. கடலின் நடத்தையில்தான் அவருக்கு வருத்தம். வீட்டை விற்றார், மலை ஞாபகம் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அந்தச் செய்தியைச் சார் முதன்முதலில் படித்தது ஒரு மனை விளம்பரத்தில்.

போடி இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். மனைக்காக வெட்டியதும் இலவமரங்களைத்தான். வெட்டிய இடத்தில் கொரியன் புல் பதித்து, ஓரத்தில் ராஜபனை வரிசை வைத்தார்கள். சார் முதுகுவலிக்காக அந்நிய நாட்டு நுரை மெத்தை ஒன்று தருவித்தார். அதன் உறையில் பெரிய பச்சை இலை படம் போட்டிருந்தது. இலவம்பஞ்சு மெத்தையைப் பற்றி யாரோ சொன்னபோது, "அதெல்லாம் இப்ப யார் சார் செய்றாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட இடம் போடி.

கொரியன் புல்லுக்குத் தினம் இரண்டு வேளை தண்ணீர். அதற்கு ஒரு போர். அது சோர்ந்தபோது இன்னொரு போர், முந்தையதைவிட ஆழமாக. மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதலே கட்டாயம் என்பதால் சாரின் வீட்டில் அதற்கும் குழி உண்டு, மேலே பெயர்ப்பலகையும் உண்டு. குழியின் வாயில் அழகான டைல்ஸ் ஒட்டியிருப்பதால் மழைநீர் மட்டும் உள்ளே போக வழியில்லை.

திடக்கழிவு விவகாரத்திலும் இதே ஒழுங்கு. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட காம்பவுண்டுக் குடியிருப்புகள் தங்கள் மக்கும் குப்பையைக் கூடிய மட்டும் தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறின. சார் உர இயந்திரம் வாங்கினார். ரிப்பன் வெட்டிய நாளில் அது ஓடியது. இப்போது தோட்டக்காரர் அதன்மேல் துணி காயப்போடுகிறார். குப்பை டிராக்டரில் கீழே போகிறது. கழிவுநீர் டிராக்டருக்குக்கூடக் காத்திருப்பதில்லை, சரிவு பார்த்துத் தானே இறங்கிவிடுகிறது. கீழே இருப்பது கொட்டகுடி ஆறு. போடிக்காரர்கள் வீட்டுக் குழாயில் பிடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரை.

ஓடைக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அந்தச் சரிவில் ஓர் ஓடை இருந்தது. வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும், பார்ப்பவர்கள் பள்ளம் என்றே நினைப்பார்கள். வருவாய்த் துறை ஏட்டில் அது ஓடைப் புறம்போக்கு. மனை போட்டவர்கள் அதைத் தூர்த்து கிளப் ஹவுஸ் கட்டினார்கள். ஓடைக்கு நினைவுச் சின்னமாக வரவேற்பறையில் மோட்டார் வைத்த சின்ன அருவி ஒன்றும் அமைத்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. ஓடைக்கு விலாசம் மறந்துபோகவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்து, ஓடுபொறி இரண்டைத் தூக்கிக்கொண்டு, எதிர்ச் சுவரைத் தள்ளிவிட்டு, தன் வழியே போனது. அவசரக் கூட்டத்தில் சார், "இதுதான் காலநிலை மாற்றம்" என்றார். நாற்காலி போட வந்த உள்ளூர்ப் பெரியவர், "இல்லைங்கய்யா, இது ஓடை" என்றார். கூட்டக் குறிப்பில் சார் சொன்னது மட்டும் ஏறியது.

சாருக்கு ரயில் மீது அபார மரியாதை. போடிக்கு ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயில் அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஊர் காத்துக் கிடந்து, 2023 ஜூன் 15 முதல்தான் சென்னை ரயில் போடி வரை வர ஆரம்பித்தது. அது கரியமில வாயுவை எவ்வளவு குறைக்கும் என்று சார் மேடையில் பேசினார். சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் டீசல் காரில் வந்து, பேசினார். ரயிலில் வந்தால் காரை யார் ஓட்டி வருவது என்பது அவருடைய நியாயமான சிக்கல்.

ஆனால் விடியற்காலையில் அவர் வீட்டு வாசலைக் கடக்கும் ஜீப்புகள் அவருக்குப் பிடிக்காது. போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறிக் கேரளப் பக்கம் போகும் பெண்கள் அதில் இருப்பார்கள். "ஒரே புகை, ஒரே சத்தம். காலையில ஒரு குயில் சத்தம் கேட்க முடியல" என்பார். ஒருநாள் ஜீப்பை மறித்து டிரைவரிடம் கார்பன் கணக்குக் கேட்டேவிட்டார்.

"சார், வண்டியில பதினாறு பேரு. நான் பதினேழு. உங்க வண்டியில எத்தனை பேரு சார்?"

சார் வண்டியில் சாரும் ஒரு லாப்ரடாரும். நாயை அரை ஆள் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் சாருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஜீப்பில் அப்படிப் பிதுங்கப் போவது ஆபத்து, விபத்துகளும் நடந்திருக்கின்றன, அது தனி வழக்கு. ஆனால் தலைக்கு எவ்வளவு புகை என்று பார்த்தால் மலையேறுகிறவர்களில் கடைசி இடம் அந்தப் பெண்களுக்குத்தான்.

அந்தத் தோல்விக்குப் பிறகு சார் விழிப்புணர்வில் இறங்கினார். ஏலக்காய் தரம் பிரிக்கிற ஒரு கிட்டங்கிக்குப் போய் மறுபயன்பாடு பற்றி வகுப்பெடுத்தார். தரையில் குவிந்த காயிலிருந்து பிளந்தது, சொத்தை, பொடிசு என்று பெண்கள் பொறுக்கிக்கொண்டே கேட்டார்கள். வேலை நிற்கவில்லை, கூலி பொறுக்கிய எடைக்கு அல்லவா.

"ஒரு பொருளைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, இதை இன்னொரு தடவை பயன்படுத்த முடியுமான்னு யோசிக்கணும். உங்கள்ல யாராவது அப்படிச் செஞ்சிருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சேலைக்கு மேலே ஆண் சட்டை போட்டிருந்த ஓர் அம்மாள், "இந்தச் சட்டை எங்க வீட்டுக்காரரதுங்கய்யா. அதுக்கு மொத எங்க கொழுந்தன் போட்டது. நான் போட்டு முடிச்சா அடுப்படிக்குக் கைப்பிடித் துணி" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் எங்கங்கய்யா, எரிஞ்சு போகும்."

துணியை எரிப்பதால் வரும் மாசு பற்றிச் சார் இரண்டு நிமிடம் பேசினார். வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் துணிப்பை கொடுத்தார். கல்யாண வீட்டு மஞ்சப்பை வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடப்பதாகச் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். பெரிய மனுஷர் கொடுப்பதை மறுப்பது போடி வழக்கமில்லை.

விலங்குகள் விஷயத்தில் சார் இளகிய மனசுக்காரர். 2023-ல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை, மே 27 அன்று கம்பம் வீதிகளுக்குள்ளேயே வந்துவிட்டது. ஜூன் 5-ல் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். யானையின் வழித்தடத்தை மனிதன் அடைத்துவிட்டான் என்று சார் உருகி எழுதினார். எழுதிய கையோடு, தங்கள் வேலியில் ஓடும் சூரிய மின்சாரம் காட்டுமாட்டுக்குப் போதுமா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

ஒன்றில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மாசி, பங்குனியில் இந்தச் சரிவுகளில் புல் காய்ந்து நிற்கும். சாரின் விருந்தாளிகளுக்கு அப்போதுதான் நட்சத்திரங்களுக்குக் கீழே நெருப்பு மூட்டிக் கிடார் வாசிக்கத் தோன்றும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கினார்கள். அதில் போன உயிர்கள் 23. உள்ளூர்க் காவலாளி இதைச் சொல்லித் தடுத்தால், அவர் 'விருந்தோம்பல் தெரியாதவர்' என்று புகார் போகிறது. அந்த ஆளைப் பாராட்டிச் சம்பளம் உயர்த்த வேண்டும்.

போன வாரம் சார் கடைவீதிக்கு ஏலக்காய் வாங்க வந்திருந்தார். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் இது, காயைப் பற்றிப் போடி வியாபாரிக்குத் தெரியாதது கிடையாது. கடைக்காரர் ஒரு தட்டில் காயைக் கொட்டினார். சார் முகம் சுளித்தார்.

"இது மங்கலா இருக்கே. நல்ல பச்சையா வேணும். எனக்கு நேச்சுரலா இருக்கணும்."

"நேச்சுரல்தான் சார் இது. கிளிப்பச்சையா இருந்தா ஈரக் கையில தேச்சுப் பாருங்க, கையும் பச்சையாயிரும். பச்சை வேணுமா, காய் வேணுமா?"

சார் யோசித்துவிட்டு பச்சையையே வாங்கிக்கொண்டு போனார் என்று கடைக்காரர் சொன்னார். அவர் கடையில் சாயக் காய் கிடையாது, பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்லி அனுப்பினாராம். இதை நான் முழுக்க நம்பவில்லை. வியாபாரிகளும் கதை சொல்வார்கள்.

ஏலச்செடி நிழல் இல்லாமல் வாழாது என்பதால்தான், மேலே மலையில் ஏக்கர் கணக்கில் பெரிய மரங்கள் இன்றும் நிற்கின்றன. அதே தோட்டங்களில் பூச்சிமருந்து கணக்கில்லாமல் அடிக்கிறார்கள் என்பதும் உண்மை. போடியும் சுத்த சுயம்பிரகாசம் அல்ல. ஆனால் போடிக்காரர்கள் யாரும் தங்கள் வீட்டுச் சுவரில் இலை படம் வரைந்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு வகுப்பெடுக்கவில்லை.

நீங்கள் மலைச்சரிவில் மனை வாங்குகிற உத்தேசத்தில் இருந்தால், விளம்பரத்தில் உள்ள இருவாட்சிப் பறவையைப் பார்த்து மயங்காதீர்கள். சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, ஓடைப் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்று புலப்படத்தில் பாருங்கள். 1990 முதல் இருக்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி அந்த ஊருக்குத் தேவையா, வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது, போர் எத்தனை அடி என்று கேளுங்கள். கிரீன் சார் பதில் சொல்ல மாட்டார், ஒரு மரக்கன்றை எடுத்து உங்கள் கையில் கொடுப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். மரக்கன்று நல்லதுதான். கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.