உறையூர்க்காரர்

சோழர்களின் பழைய தலைநகரான உறையூர் இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதி. அந்த ஊருக்கும் இங்கே பேசப்போகும் ஆளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவர் எல்லா ஊர்களிலும் இருப்பார். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவதெல்லாம் உறையாகவே இருந்தால் அது அவருடைய உறையூர் என்று தெரிந்துகொள்ளலாம். ஆணாகவும் இருப்பார், பெண்ணாகவும் இருப்பார். பெரும்பாலும் தம்பதியாகவே இருப்பார்கள். டிவி ரிமோட் பாலிதீனுக்குள் படுத்திருக்கும், இடுப்பில் ஒரு ரப்பர் பேண்ட். அகச்சிவப்புக் கதிர் பாலிதீனை ஊடுருவிப் போய்விடும் என்பதால் விஞ்ஞானமும் இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான். ஃப்ரிட்ஜின் தலையில் பூப்போட்ட விரிப்பு, கைப்பிடிக்குத் தனியாக ஒரு சட்டை. மிக்ஸிக்குப் பாவாடை. வாஷிங் மெஷினுக்கு ஜிப் வைத்த மழைக்கோட்டு. எவர்சில்வர் தட்டில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருக்கும், ஏசியின் முகத்தில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் குமிழ் விட்டுக்கொண்டு தொங்கும். சோபாவுக்கு உறை; உறை அழுக்காகாமலிருக்க அதன்மேல் துண்டு; துண்டு கசங்காமலிருக்க விருந்தாளிக்குப் பிளாஸ்டிக் நாற்காலி.

ஆங்கிலத்திலிருந்து வந்த ‘கவர்’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஓய்வே கிடையாது. மளிகைக் கடையில் அது பை. தபால் ஆபீஸில் கடித உறை. கல்யாண மண்டபத்தில் மொய். 500 ரூபாயை 501 ஆக்க அதன் நெற்றியிலேயே ஒரு நாணயம் ஒட்டியிருக்கும். சில அலுவலகங்களில் மேசைக்கு அடியில் கைமாறும் சமாசாரம். கல்லூரி வாசலில் அது ஒரு முயற்சி, பெரும்பாலும் தோல்வியில் முடிவது. கிரிக்கெட்டில் ஓர் ஆள் நிற்கும் இடம். மழை வந்தால் ஆடுகளத்தின் மேல் இழுத்துப் போடும் தார்ப்பாயும் அதுவே. இவ்வளவு தொழில் பார்க்கும் சொல்லை உறையூர்க்காரர் ஒரே தொழிலுக்கு அமர்த்திவிடுகிறார். கைக்கு வந்த எந்தக் கவரும் அவரிடமிருந்து திரும்பிப் போவதில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய கவர் தொங்கும். அதற்குள் நான்காக மடித்த சிறிய கவர்கள் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. ஊரே மஞ்சப்பையைத் தேடி அலைந்தபோது அவர் மட்டும் அசரவில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவதைத்தானே அரசு தடுத்தது? அவர் எதையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தியதும் கிடையாது, தூக்கி எறிந்ததும் கிடையாது.

இவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் நிலவும் முதல் கருத்து, ஆள் கஞ்சன் என்பது. அபாண்டம். கஞ்சன் செலவைத் தவிர்ப்பவன். இவர் ஒவ்வொரு செலவையும் இரண்டு செலவாக்கிக்கொள்பவர். கார் வாங்கினால் காருக்கு ஓர் உறை, இருக்கைகளுக்கு ஒரு செட், ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கியர்த் தண்டுக்கும் ஒரு குல்லா. இவற்றுக்குக் கீழே கம்பெனிக்காரன் போட்டனுப்பிய பாலிதீன் தாளும் கிழியாமல் இருக்கும். போனுக்குப் போடும் உறை மஞ்சளடித்துப்போனால் உடனே புது உறை வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பல வீடுகளில் பொருளைவிட அதன் வஸ்திர அலங்காரத்துக்கு அதிகம் செலவாகியிருக்கும். பணத்தின்மேல் ஆசையுள்ளவர் இந்த வழிக்கு வரமாட்டார். ஆகவே கஞ்சத்தனம் என்ற குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்துவிட்டு வேறு காரணம் தேடுவதுதான் நியாயம்.

‘பாதுகாப்புக்காகத்தான்’ என்பது அவரே சொல்லும் காரணம். இதில் பாதி உண்மை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் புழுதியைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாம்பார் சாதம் பிசைந்த கையோடு சேனல் மாற்றும் வீட்டில் ரிமோட்டுக்குச் சட்டை போடுவது அறிவுள்ள செயல். மஞ்சள் கறை எதை விட்டுவைத்தது? ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாடநூல்களுக்கு பிரவுன் ஷீட் போடுவதும் அப்படியே. பிரவுன் ஷீட் வாங்க வசதியில்லாத வீடுகளில் கிழித்த மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய உறையாகும். மகாலட்சுமி உள்பக்கமாகப் புவியியலுக்குக் காவல் இருப்பாள். அண்ணன் படித்த புத்தகத்தைத் தங்கை படித்தாக வேண்டிய வீட்டில் அந்த அட்டைக்கு வேலை இருந்தது. ஓலைச்சுவடிகளுக்கு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டி, துணியில் சுற்றி வைத்தவர்களும் இந்தக் கட்சிதான். அவர்கள் அப்படிச் செய்திராவிட்டால் உ.வே. சாமிநாதையருக்குத் தேடி அலைய இவ்வளவும் மிஞ்சியிருக்காது.

ஆனால் பாதுகாப்புதான் காரணம் என்றால், பாதுகாப்புக்குக் கேடு வரும் இடத்தில் உறை கழன்றுவிட வேண்டும். அப்படி எங்கும் கழன்றதாகத் தெரியவில்லை. இன்றைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே ஓடுகின்றன. பக்கத்தில் தொட்டால் சூடாக இருப்பது அதனால்தான். அந்தச் சுவரைத் துணியால் மூடினால் வெப்பம் வெளியேறத் திணறும், மோட்டார் கூடுதலாக ஓடும், மின்கட்டணம் ஏறும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் ஓரத்திலிருந்தே வெளியே வரும். அதற்கு வழிவிடாத சீட் கவரைப் போடாதீர்கள் என்று கையேடே எச்சரிக்கிறது. அந்தக் கையேட்டை அவர் படித்திருக்க வழியில்லை, அதுவும் பிரிக்காத கவருக்குள்தான் இருக்கிறது. மெத்தையின் பிளாஸ்டிக்கை உரிக்காமல் படுத்தால் இரவு முழுவதும் சரசரக்கும், முதுகு வேர்க்கும். மெத்தை வாங்கியது தூங்குவதற்கு. இப்போது மெத்தை பத்திரமாக இருக்கிறது, தூக்கம்தான் போய்விட்டது. பொருளின் நோக்கத்தையே பலி கொடுத்துப் பொருளைக் காப்பதைப் பாதுகாப்பு என்ற கணக்கில் எழுத முடியாது.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. இது வறுமை கற்றுக்கொடுத்த பழக்கம், சிரிக்காதீர்கள் என்பது அது. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் வந்தது, வண்ணம் 1982-இல். தெருவுக்கு ஒரு டிவி இருந்த காலத்தில் சாலிடேரும் டயனோராவும் மரப்பெட்டிக்குள், இழுத்துச் சாத்தும் கதவோடு, பூட்டு சாவி சகிதம் வீட்டுக்கு வந்தன. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நேரத்துக்கு அந்தக் கதவு திறப்பது கர்ப்பகிரகத் திரை விலகுவதற்குச் சமம். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், தொலைபேசி இணைப்புக்கும் அப்படியே. ஒரு முறை கெட்டால் மறுமுறை கிடைக்காது என்ற நிலையில் துணி போட்டு மூடியது விவேகமே. இதற்கு மறுப்பில்லை. ஆனால் பற்றாக்குறை பெற்ற பிள்ளை என்றால், பற்றாக்குறை போனதும் அதுவும் போயிருக்க வேண்டும். 1991-க்குப் பிறகு கடைகளில் சரக்கு குவிந்தது. 2006-க்குப் பிறகு அரசே வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது, 2011-க்குப் பிறகு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தது. பொருள் அபூர்வம் என்ற நிலை மாறியது. உறை மட்டும் மாறவில்லை.

மாறவில்லை என்பதுகூடச் சரியில்லை, வளர்ந்தது. தாத்தாவின் டிவி உறையைப் பார்த்துச் சிரிக்கும் பேரனின் கையிலிருக்கும் போனைப் பாருங்கள். அதை மெலிதாக்குவதற்காகப் பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2014-இல் வந்த ஐபோன் 6-இன் தடிமன் 6.9 மில்லிமீட்டர். வாங்கிய கையோடு அதற்கு ஒரு ரப்பர் கவசம் மாட்டிப் பழையபடி தடியாக்கிவிடுகிறோம். திரை கீறாமல், உடையாமல் இருக்கவென்று கார்னிங் நிறுவனம் கொரில்லா கிளாஸ் செய்து கொடுத்தது. அந்தக் கண்ணாடி கீறாமல் இருக்க அதன்மேல் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுகிறோம். கொரில்லாவுக்கே பாதுகாவலர் வைத்த இனம் நாம்தான். தங்க நிறமா, ஊதா நிறமா என்று கடையில் ஒரு மணி நேரம் யோசித்து வாங்கிய போனின் முதுகு, அதன்பின் கருப்பு உறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. பற்றாக்குறையை அறியாத தலைமுறை இது. தமிழர்களுக்கு மட்டுமே உள்ள வியாதி என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியக் குடும்பங்களின் வரவேற்பறை சோபாக்களைப் பிளாஸ்டிக் உறை மூடியிருந்தது அந்த நாட்டில் இன்றும் நகைச்சுவைக்கு உதவும் விஷயம். ஆகவே வறுமை இந்தப் பழக்கத்தை வளர்த்த தாதியாக இருக்கலாம், பெற்ற தாய் வேறு.

அந்தத் தாயைக் கண்டுபிடிக்க, உறை எப்போது கழற்றப்படுகிறது என்று கவனித்தால் போதும். பாடநூலின் அட்டை யாருக்காகப் போடப்பட்டதோ அந்தத் தங்கை அடுத்த ஜூனில் வந்துவிடுவாள். சோபாவின் உறைக்கு அப்படி நாள் குறிக்கப்படவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள், வெளிநாட்டுச் சம்பந்தி வருகிறார் என்றால் அன்று காலை மட்டும் உருவப்பட்டு, அவர்கள் படியிறங்கியதும் மறுபடி ஏறிவிடும். காஞ்சிபுரம் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை, 1979-க்குப் பிறகு 2019-இல், குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் தரிசனம் தந்தார். ஷோகேஸில் இருக்கும் பீங்கான் செட் அந்த அளவுக்குக்கூட இறங்கி வந்ததில்லை. வந்த அந்தச் சில மணி நேரத்தில் விருந்தாளி வாயிலிருந்து ஒரு வாக்கியம் வர வேண்டும்: “இது எப்ப வாங்குனது? புதுசு மாதிரியே இருக்கே!” அவர் உடனே பதில் சொல்லமாட்டார். துணைவியைப் பார்ப்பார். துணைவி, “நம்ம பெரியவன் பொறந்த வருஷம் வாங்குனதுங்க” என்பார். பெரியவனுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்திருக்கும். இந்த உரையாடலுக்காகத்தான் இத்தனை வருடமும் உறை. உறையூர்க்காரர் காப்பாற்றுவது சோபாவை என்று நினைப்பது தவறு. அவர் காப்பாற்றுவது சோபா வாங்கிய நாளை. அன்று வீட்டுக்குள் நுழைந்த பெருமிதம் ஒரு கீறல்கூட விழாமல் உள்ளே இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைச் சொல்லத்தான் விருந்தாளி வரவழைக்கப்படுகிறார்.

இதற்கும் ஓர் ஆட்சேபம் உண்டு. பெருமிதமாவது மண்ணாவது, விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்று கணக்குப் போடும் இளைஞர்கள் இருக்கிறார்களே என்பார்கள். அப்படியே இருக்கட்டும். இரண்டு வருடம் ஒருவர் கையிலிருந்த போனின் அழகை முதன்முதலாக முழுசாகப் பார்க்கப்போகிறவர் அதை இரண்டாம் கையாக வாங்குகிறவர் என்றால், பணம் கட்டியவர் உரிமையாளரா, காவல்காரரா? அந்தக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. பொருள்கள் தேய்ந்து சாகும் காலத்தில் உறை ஆயுளைக் கூட்டியது. இப்போது அவை மாடல் பழசாகிச் சாகின்றன. முதுகில் கீறலே இல்லாத போனுக்கு ஒருநாள் மென்பொருள் அப்டேட் நின்றுபோகிறது. முப்பது வருடம் துணி போர்த்திக் காத்த பிக்சர் டியூப் டிவி பளபளவென்று இருக்கிறது, எடைக்கு எடுக்கத்தான் ஆளில்லை. தீபாவளி எக்ஸ்சேஞ்ச் மேளாவில் பழைய ஃப்ரிட்ஜைக் கொடுக்கப் போனால் கடைக்காரர் கேட்பது எத்தனை லிட்டர், எந்த வருடம் என்றுதான். கைப்பிடிக்குச் சட்டை போட்டிருந்த பூர்வ கதைக்கு அவரிடம் தனித் தொகை கிடையாது. தூசியைத் தடுக்கும் துணி இருக்கிறது, காலண்டரைத் தடுக்கும் துணியை இன்னும் யாரும் நெய்யவில்லை.

அதற்காக அவரை ஏமாளி என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. சோபாவில் தினமும் சாய்ந்து படுத்தவருக்குக் கிடைத்த சுகம் ஒரு வகை; சாயாமலே வைத்திருந்து ஒருநாள் பாராட்டு வாங்கியவருக்குக் கிடைத்தது இன்னொரு வகை. இரண்டாவது சுகத்துக்கு மற்றவர் வாய் தேவைப்படுகிறது என்பதுதான் அதிலுள்ள சிக்கல், அந்த வாய் எப்போதாவதுதான் வருகிறது. தெருவுக்கு ஒரு டிவி இருந்தபோது பார்க்க ஊரே வந்தது. வீட்டுக்கு இரண்டு டிவி இருக்கும்போது அடுத்த வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்ப்பதில்லை. உறைகள் பெருகிய வேகத்தில் விருந்தாளிகள் அருகிப்போனார்கள். எனவே சீர்திருத்தம் என்று ஒன்று வேண்டுமானால் அதை உறையூர்க்காரரிடம் தொடங்கிப் பயனில்லை, அறிவுரையையும் அவர் ஒரு கவரில் போட்டு வைத்துவிடுவார். தொடங்க வேண்டியது அந்த வீட்டுக்குப் போகிறவர்கள்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த உடனே, சோபா உறைக்குள் இருக்கும்போதே, “புதுசா வாங்கினீங்களா?” என்று கேட்டுவிட வேண்டும். கேள்வி கேட்ட பிறகு உறைக்கு வேலையில்லை. அடுத்த முறை போகும்போது சோபாவில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. துண்டு மட்டும் இருக்கும்.