சும்மா சொல்லக்கூடாது

பார்சலைப் பிரிக்கும்போதே அண்ணன் திட்ட ஆரம்பித்துவிடுவார். "டப்பாடா இது. வெறும் டப்பா. இந்த விலைக்கு வேற என்ன வரும்? குப்பைதான் வரும்." குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகி, "ஆடுது பாரு" என்பார். காதோரம் வைத்துக் குலுக்கி, "உள்ள எதுவோ கழண்டு கிடக்கு" என்பார். ஒயரைச் செருகி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் பெருவிரலால் பொத்தானை அமுக்கி, ஒரே ஒரு ஈ மைனர் அடிப்பார். கண் மூடும். புருவம் ஏறும். பிறகு வரும் திருவாக்கு.

"சும்மா சொல்லக்கூடாதுடா தம்பி, எதிர்பார்த்ததைவிட நல்லாவே இருக்கு!"

எதிர்பார்த்ததைவிட மோசமான கிடார் பெடல் எதையும் அண்ணன் இன்றுவரை வாங்கியதில்லை. பார்சல் வீட்டு வாசலுக்கு வரும் முன்பே எதிர்பார்ப்பைக் குழிதோண்டிப் புதைத்துவிடுகிறவருக்கு ஏமாற்றம் எங்கிருந்து வரும்?

சனி, ஞாயிறுகளில் கூடி வாசிக்கிற ஆபீஸ் கோஷ்டிகளில் இப்படி ஓர் அண்ணன் இல்லாத கோஷ்டி கிடையாது. கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் வரிசைகட்டிக் கிடந்து கிடாரின் சத்தத்தை மாற்றுகிற அந்த மிதிபெட்டிகள்தான் அவருடைய உலகம். நான் கீபோர்டு. எல்லாச் சத்தமும் என் பெட்டிக்குள்ளேயே ரெடிமேடாக இருப்பதால் எனக்கு விஷயஞானம் பத்தாது என்பது அவர் தீர்ப்பு. அதனால் பாடம் எடுப்பார். அதில் பெரிய கஷ்டம், அவர் எடுக்கிற பாடம் அத்தனையும் சரியாக இருப்பதுதான்.

டியூப் ஸ்க்ரீமர் என்று ஒரு பச்சைப் பெட்டி. 1970-களின் கடைசியில் ஜப்பானின் ஐபனீஸ் கொண்டுவந்தது. ஸ்டீவி ரே வான் மாதிரி கிடார்காரர்கள் காலடியில் கிடந்ததால் பழைய பெட்டிகளுக்கு இன்று தங்கம் விலை. அதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் இருப்பது 4558 என்கிற ஒரு சில்லு, இரண்டு டயோடு, கொஞ்சம் கெப்பாசிட்டர், கொஞ்சம் ரெசிஸ்டர். நம்மூரில் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்கிறவர்கள் பாஸ், ட்ரெபிள் போர்டில் போடுகிற அதே 4558. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். "மீதிக் காசெல்லாம் தகரப் பெட்டிக்கும் பேருக்கும்தாண்டா" என்பார். மறுக்க முடியாது.

அடுத்தது குதிரை. அமெரிக்காவில் பில் ஃபினகன் என்பவர் 1994-லிருந்து கிளான் சென்டார் என்றொரு பெடலைக் கையால் செய்து விற்றார். மொத்தம் சுமார் எட்டாயிரம் பெட்டிகள்தான் செய்தார். யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று சர்க்யூட் மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடினார். சுரண்டாமல் விடுவார்களா? சுரண்டினார்கள். இன்று பழைய சென்டார் ஒன்று பல ஆயிரம் டாலர். அதைப் பார்த்துச் சீனாவில் மோஸ்கி கம்பெனி போட்ட கோல்டன் ஹார்ஸ் உள்ளங்கைக்குள் அடங்கும், பர்ஸுக்குள்ளும் அடங்கும். பாதி மனிதன் பாதிக் குதிரையாக இருந்த சென்டார், நகலெடுக்கும்போது முழுக் குதிரையாகவே ஆகிவிட்டான். அண்ணனிடம் அது இருக்கிறது. அதற்கு இன்னொரு கம்பெனி போட்ட நகலும் இருக்கிறது. இரண்டுமே எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கின்றன.

இத்தோடு விட்டால் நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். விடமாட்டார். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிற யாரையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிடுவார்.

"திரும்பிக்கோ. பார்க்கக் கூடாது. காதால மட்டும் கேளு. இது ஒண்ணு..." ட்ராங்ங். "இது ரெண்டு..." ட்ராங்ங். "இப்ப சொல்லு, எது காஸ்ட்லி?"

இந்தப் பரீட்சையில் ஜெயித்தவர் கிடையாது. மலிவான பெட்டியைக் காஸ்ட்லி என்று சொல்லிவிட்டால் முடிந்தது, ஆளைத் தெருமுனை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுவார். காஸ்ட்லியையே சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், "சரி, அந்தத் துளியூண்டு வித்தியாசத்துக்குப் பதினஞ்சாயிரமா?" என்பார். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று தெரியாத்தனமாகச் சொன்னீர்களோ, அதுதான் அவருக்குத் தேர் இழுத்த சந்தோஷம். எதுவுமே சொல்லாமல் நின்றால் இன்னொரு தடவை வாசிப்பார். வாசிப்பது ஒரே துண்டு. நாலு ஸ்வரம், கடைசி ஸ்வரத்தை இழுத்து ஒரு நடுக்கம். அந்த நாலு ஸ்வரத்தைத் தாண்டி ஐந்தாவது ஒன்று அவர் கையிலிருந்து வந்து கேட்டே ரொம்ப நாளாகிறது.

அந்தச் சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். ராகுகாலம், எமகண்டம், குளிகை மூன்றும் எனக்கு வாரம் முழுவதற்கும் மனப்பாடம். கரிநாள் என்றைக்கு என்று என் வீட்டில் என்னைத்தான் கேட்கிறார்கள்.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தம்பதி, தாம்பாளத்தில் குங்குமச்சிமிழோடு சுவரைப் பார்த்து நின்றதை நானே பார்த்தேன். கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பியையும் விடவில்லை. அவன் பொறுமையாக இரண்டையும் கேட்டான். "ரெண்டும் எங்கூட்டு மிக்சி மாதிரியே இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு பில்லை நீட்டினான். அண்ணன் என் பக்கம் திரும்பி, "பார்த்தியா, வித்தியாசம் தெரியலைன்னுட்டாரு!" என்றார். அண்ணியிடம் மட்டும் இந்த ஜம்பம் நடக்காது. அண்ணி அடுக்களையிலிருந்தே, பெட்டியை மிதிக்கும் முன்னாலேயே, "ரெண்டாவது" என்று குரல் கொடுத்துவிடுவார். பாதி நாள் அது சரியாகவும் இருந்து தொலைக்கிறது.

சீனச் சாமான் விற்கிற செயலியை நம் அரசாங்கம் 2020 நவம்பரில் தடை செய்தபோது, அண்ணன் இரண்டு நாள் ஆபீசுக்குப் போகவில்லை. இப்போது சிங்கப்பூரில் மச்சினன் இருக்கிறார். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிடார் கடைகள் வரிசையாக இருக்கின்றன என்கிற தகவலை அந்த மனிதருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரியவில்லை. லீவுக்கு வருகிறவர் பெட்டியில் தைலமும் சாக்லேட்டும் போய், காலால் மிதிக்கிற பெட்டிகள் வருகின்றன.

அவரைப் பற்றி நல்லதாகவும் கொஞ்சம் சொல்லவேண்டும். மலிவுச் சாமான்கள் அவதாரம் எடுத்த கதைகளை அவர் சொன்னால் உட்கார்ந்து கேட்கலாம். பாஸ் கம்பெனியின் எச்எம்-2 என்று ஒரு கறுப்புப் பெட்டி 1983-ல் வந்தது. 1991-ல் நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் ஒன்றுமில்லாத விலைக்குப் போன சாமான். ஸ்டாக்ஹோமில் கையில் காசில்லாத பையன்கள் அதை வாங்கி, நாலு குமிழையும் முழுசாகத் திருகிவிட்டு வாசித்தார்கள். என்டூம்ட் என்கிற கோஷ்டியின் முதல் ஆல்பம் 1990-ல் வந்தபோது, ரம்பம் மரத்தை அறுக்கிற அந்தச் சத்தமே ஸ்வீடன் டெத் மெட்டலின் அடையாளமாகிப் போனது. கடைசியில் 2021-ல் பாஸ் கம்பெனியே அந்தப் பெட்டியை மறுபடி போட்டது. அதே கம்பெனியின் ஆரஞ்சு நிற டிஎஸ்-1 1978-லிருந்து மலிவு விலைதான். கர்ட் கோபேனும் அதைத்தான் மிதித்தார், ஜோ சாட்ரியானியும் அதைத்தான் மிதித்தார். அரியான் என்ற கம்பெனியின் கோரஸ் பெட்டி முழுக்கப் பிளாஸ்டிக். மைக்கேல் லாண்டாவ் மாதிரி லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோ ஜாம்பவான் அதைக் காலடியில் வைத்திருந்தார். இதையெல்லாம் சொல்லும்போது அண்ணன் முகத்தில் ஓர் ஒளி தெரியும். பணக்காரன் தோற்றான், ஏழை ஜெயித்தான் என்று பழைய எம்ஜிஆர் படம் பார்த்துவிட்டு வந்த முகம்.

கதையாக இருக்கும்வரை சரி. போன தை மாதம் ஒரு ரிசப்ஷனில் அந்தக் கறுப்புப் பெட்டியின் நகலைக் கொண்டுவந்து மாட்டினார். மேடையில் ஓடிக்கொண்டிருந்தது மெலடி. இடையிசையில் கிடாருக்கு நாலு வரி. பெட்டியை மிதித்தார். பன்னீரும் மல்லிகையும் மணக்கிற மண்டபத்தில், ஸ்வீடன் சுடுகாட்டிலிருந்து பிணம் ஒன்று எழுந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். நிறுத்தலாம் என்று அண்ணன் மறுபடி மிதித்தால், பொத்தான் உள்ளே போனது போனதுதான், திரும்பி வரவில்லை. எந்தக் கம்பெனி பெட்டி என்பது வேண்டாம். பிளாஸ்டிக் பொத்தான், மண்டபத்து மேடை, அதன் மேல் எண்பத்தைந்து கிலோ மனிதர். யார்மேல் குற்றம் சொல்ல? ஒயரைப் பிடுங்கித்தான் சத்தத்தை அடக்கினோம். பேசிய பணத்தில் பிடித்தம் செய்தார்கள். எல்லாருடைய பங்கிலும் பிடித்தம் செய்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. பெடல்களுக்கு 9 வோல்ட் அடாப்டர் வேண்டும். அதிலும் பின்னின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். மற்ற சாமான்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. இந்த விவரத்தை எனக்கு வகுப்பெடுத்துச் சொன்னவரே அண்ணன்தான். சொன்ன கையோடு, அவசரத்துக்கு என் கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டரை எடுத்துப் புது பெடலில் செருகினார். குமிழ் இடுக்கிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு கிளம்பியது. கருகல் வாடை. அண்ணன் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"சும்மா சொல்லக்கூடாதுடா, எதிர்பார்த்ததைவிடப் புகை கம்மிதான்."

அந்த அடாப்டரும் அன்றோடு சரி.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மலிவு மலிவு என்று அவர் சேர்த்திருக்கிற பெட்டிகளின் விலைக்கு ஒரு நல்ல கிடாரே வாங்கியிருக்கலாம். பழைய பீரோக் கதவு ஒன்றைப் படுக்கப்போட்டு, வெல்க்ரோ ஒட்டி, அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நடுவே குட்டிக் குட்டி ஒயர்கள். ரிகர்சலுக்கு ஆறு மணிக்கு வந்தால் அந்த ஒயர்களில் எது இரைகிறது என்று கண்டுபிடிக்க ஏழரை ஆகும். அதற்குள் டிரம்ஸ்காரருக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

எனக்கு இது வெறும் எரிச்சல் இல்லை. கல்லூரி நாட்களில் இதே அண்ணன், ஒரு பெட்டிகூட இல்லாமல், சர்ச்சில் கிடந்த ஓட்டை ஆம்ப்ளிஃபயரில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசித்ததைக் கேட்டவன் நான். முழுப் பாட்டு வாசிப்பார் அப்போது. முதல் சரணத்துக்கும் இரண்டாவது சரணத்துக்கும் வேறு வேறு மாதிரி வாசிப்பார். அதைக் கேட்டுத்தான் அவர் பின்னாலேயே இந்தக் கோஷ்டிக்குள் வந்தேன். இப்போது எங்கள் கச்சேரி லிஸ்டில் கிடாருக்கு வேலை வைக்கிற பாட்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வருகிறோம். அவருக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும்.

ஒன்று மட்டும் உண்டு, அலுத்துப்போன பெட்டிகளை அண்ணன் விற்பதில்லை. கிடார் கற்றுக்கொள்கிற பையன்கள் யாராவது வந்தால் தூக்கிக் கொடுத்துவிடுவார். ஒயரும் பேட்டரியும் சேர்த்தே கொடுப்பார். வியாசர்பாடிப் பக்கம் பாதிப் பையன்களின் முதல் பெடல் இவர் கொடுத்ததுதான். ஒரே நிபந்தனை, பெட்டியை வாங்கும் முன் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு பொடியன் வந்திருந்தான். ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிறான். பவ்யமாகத் திரும்பி நின்றான். ட்ராங்ங். ட்ராங்ங். "எது காஸ்ட்லி, சொல்லு பார்ப்போம்." அவன் பதில் சொல்லவில்லை. அண்ணன் இன்னொரு தடவை வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார். பையன் காலண்டரைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான்:

"அண்ணா, மூணாவது கம்பி சுருதி சேரலையே, அது பரவாயில்லீங்களா?"

அண்ணன் கம்பியைத் தட்டிப் பார்த்தார். சேரவில்லைதான். எத்தனை மாதமாகச் சேராமல் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? சுருதி பார்க்கிற ட்யூனர் பெடலைத் தேடிப் பீரோக் கதவு முழுக்கக் கண்ணை ஓட்டினேன். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு, குதிரை, குதிரைக்கு நகல், எல்லாம் இருக்கிறது. ட்யூனர் மட்டும் இல்லை. அதில்தான் சத்தம் வராதே, யாரைத் திருப்பி நிற்க வைப்பது?